பின்னால் நிற்க ஆள் வேண்டாம்

தாகேதா, யங்கோன்
9 ஜனவரி 2023

அன்புள்ள தம்பி மாரிச்சாமிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, புஷ்பலதாவுக்கு வேலை நிரந்தரமாயிற்றா என்று எழுதுங்கள். உங்களுக்குத் தொலைபேசியில் காது கேட்பதில்லை என்று உங்கள் மகள் சொன்னாள். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கடிதம்தான் ஒழுங்கான வழி.

உங்கள் அண்ணனின் ரம்ப மேசை கார் ஷெட்டில் அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அவர் காலமானது முதல் இந்த இரண்டரை வருடமாக அதில் நான் வேலை செய்கிறேன். இதுவரை உங்களுக்குச் சொல்லவில்லை. முக்காலி, படச்சட்டம், சாமி மாடம் என்று சின்னச் சாமான்கள்தான். ரம்பம் ஓடுகிற நாளில் யாராவது கதவைத் தட்டி, "டோ நீலா" என்று பர்மிய மரியாதையோடு கூப்பிட்டு, "என்ன செய்யறீங்க?" என்று கேட்கிறார்கள். மற்ற நாளில் யாரும் தட்டுவதில்லை.

நீளப் பலகைதான் முடியவில்லை. பாதி தாண்டியதும் அறுபட்ட பக்கம் பின்னால் தொங்குகிறது, பிளேடு இறுகுகிறது. சிங்கப்பூரிலிருந்து சுரேந்திரன் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அந்த மெஷினைக் குடுத்துட்டு, வீட்டைப் பூட்டிட்டு என்கிட்ட வந்துடுங்கம்மா. அப்பாவுக்கே தனியா நின்னப்பதான் விரல் போச்சு" என்றான். நான் வரமாட்டேன் என்றேன். "சரி, அப்பா திதிக்கு வர்றேன். எட்டடிப் பலகை ஒண்ணை ஒத்தையா அறுத்துக் காட்டுங்க. அப்புறம் நான் வாயே திறக்கல." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் சிரிக்கவில்லை. திதி ஜூலை பதினாறு.

ரம்ப மேசையின் பின்பக்கம் பலகையைத் தாங்க ஒரு நீட்டு மேசை வேண்டும். ஷெட் குறுகல், அதனால் வேலை இல்லாதபோது மடிந்து தொங்க வேண்டும். வரைபடம் ஒன்று அளவுகளோடு அனுப்புங்கள். அளவுகளை அங்குலத்தில், தெளிவான கையெழுத்தில் எழுதவும்.

வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள்.
நீலாம்பாள்


வியாசர்பாடி, சென்னை
4 பிப்ரவரி 2023

மதினிக்கு மாரிச்சாமி வணக்கம்.

கடிதமும் லாபெட் தேயிலை ஊறுகாய்ப் பொட்டலமும், வியாபாரத்துக்கு அங்குமிங்கும் வந்துபோகிற அஜ்மல் கையில் பத்திரமாக வந்து சேர்ந்தன. முழங்கால் படியைக் கண்டால் மட்டும் கத்துகிறது. காது சுத்தமாக ஓய்வெடுத்துவிட்டது. முப்பது வருடம் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் மரம் அறுத்தவனுக்கு வேறு என்ன மிஞ்சும்? புஷ்பலதாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மதினி ரம்பம் ஓட்டுகிறார்கள் என்றேன். "பெரியம்மாவா? சேலை மடிப்பு கலையாமலா?" என்று எழுதிக் காட்டிவிட்டு ஒரே சிரிப்பு.

வரைபடம் போடுமுன் ஒரு கேள்வி. மோட்டார் மேசைக்கு அடியில் இருக்கிறதா, பின்னால் துருத்திக்கொண்டிருக்கிறதா? துருத்தியிருந்தால் மடக்கும் பலகை நேராகத் தொங்காது.

ஆனால் இதெல்லாம் எதற்கு மதினி? பின்னால் நின்று ஏந்த ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மழை நாளில் அண்ணன் துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக அறுத்துத்தானே இடது கையில் இரண்டு விரலைக் கொடுத்தார்? தொழில் தெரிந்தவர் செய்கிற காரியமா என்று அப்போதே நான் திட்டி எழுதினேன். உங்களையும் அப்படித் திட்ட வைக்காதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மாரிச்சாமி


தாகேதா
23 பிப்ரவரி 2023

அன்புள்ள தம்பிக்கு,

புஷ்பலதாவுக்கு என் வாழ்த்து. மடிப்பு கலையாமல்தான் வேலை செய்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள். முந்தானையை இறுகச் செருகி, மேலே உங்கள் அண்ணனின் பழைய ஏப்ரனைக் கட்டிக்கொள்கிறேன்.

மோட்டார் பின்னால் எட்டேகால் அங்குலம் துருத்தியிருக்கிறது. "சுமார் ஒரு சாண்" என்று எழுத மனம் வரவில்லை.

பின்னால் நிற்க ஆள் வேண்டாம். இதை இரண்டாம் முறை எழுத வைக்காதீர்கள்.

கீல் வாங்க லான்மடா கடைத்தெருவுக்குப் போனேன். கமாலின் இரும்புக் கடைதான், அஜ்மலின் அத்தான் கடை.

"நீலாம்மா, கீலு கதவுக்கா, பொட்டிக்கா?"

"ரம்ப மேசைக்கு."

"மேஸ்திரி யாரு?"

"நான்."

"யா அல்லா! அப்ப கீலோட பஞ்சும் பிளாஸ்திரியும் சேத்துக் கட்டவா?"

"கீலை மட்டும் காட்டுங்கள். துளைகள் ஒரே கோட்டில் இருக்கிற கீல்."

பன்னிரண்டு கீல்களை அளந்து மூன்றைத் தேர்ந்தேன். கமால் உள்ளே திரும்பி மனைவி சைதாவிடம், கான்வென்டில் படித்த அம்மாவின் பரீட்சை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பர்மியத்தில் சொன்னார். நானும் பர்மியத்திலேயே, "உங்கள் கீல்களில் ஒன்பது தோற்றுவிட்டன" என்றேன். சைதா தேநீர் கொடுத்தாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த மாதத்தில் நான் மற்றவர் கையால் குடித்த முதல் தேநீர்.

வரைபடத்துக்குக் காத்திருக்கிறேன்.
நீலாம்பாள்


வியாசர்பாடி
15 மார்ச் 2023

மதினிக்கு வணக்கம்.

இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அங்கே மின்சாரம் எத்தனை மணி நேரம் இருக்கிறது? ஆள் விஷயத்தில் உங்கள் பிடிவாதம் எனக்குப் புரியவில்லை, ஆனால் விட்டுவிட்டேன்.

வரைபடம் பின்பக்கத்தில். ரம்ப மேசையின் பின் விளிம்பை ஒட்டி ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு நிலையான சட்டம் பொருத்துங்கள். மோட்டாரை அது தாண்டிவிடும். அதன் மறு விளிம்பில் கீல்கள், கீலில் இரண்டரை அடி ப்ளைவுட் பலகை. தூக்கினால் மேசை, இறக்கினால் தொங்கும். அடியில் இரண்டு முட்டுக்கால்கள், அவையும் மடிகிற மாதிரி. ரம்ப மேசையில் நீளவாட்டில் ஓடுகிற இரண்டு காடிப் பள்ளங்களும் உங்கள் சட்டத்திலும் தொடர வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பள்ளங்களில் நகர்கிற குறுக்கு அறுப்புக் கட்டை வந்து முட்டும்.

உயரம் பற்றி முக்கியமான ஒன்று இருக்கிறது. வாசலில் அஜ்மலின் ஆட்டோ ஹார்ன் அடிக்கிறதாம், புஷ்பலதா கையை ஆட்டுகிறாள். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

மாரிச்சாமி


தாகேதா
8 ஏப்ரல் 2023

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மின்சாரம் நான்கு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் போகும். எந்த நான்கு என்பது யாருக்கும் தெரியாது. தெருவில் பிள்ளைகள் "மீ வந்துருச்சு" என்று கத்தியதும் சமையலை அப்படியே விட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடுகிறேன்.

மேசை முடிந்தது. திஞ்சான் புத்தாண்டு விடுமுறைக்குக் கடைகள் மூடுமுன் முடிக்க வேண்டுமென்று இருந்தேன். சட்டத்துக்கு வீட்டில் கிடந்த மாமரத்தைப் பயன்படுத்தினேன். உயரம் பற்றி நீங்கள் எழுத நினைத்ததை நானே ஊகித்துக்கொண்டேன். ரம்ப மேசையும் சட்டமும் மயிரிழை பிசகாமல் சமமாக இருக்கின்றன. இரும்பு அளவுகோலைக் குறுக்கே நிறுத்தினால் அடியில் வெளிச்சம் தெரியவில்லை. ரசமட்டத்தின் குமிழி நடுவை விட்டு அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் என் தையலைச் சிஸ்டர் அடிக்கோல் வைத்து அளப்பார். அவர் அளந்தாலும் குறை காண முடியாது.

நேற்று ஆறடிப் பலகை ஒன்று தடங்கலில்லாமல் போயிற்று. பார்க்கத்தான் யாரும் இல்லை. மேசையை மடக்கி, மீண்டும் தூக்கி, மீண்டும் மடக்கிப் பார்த்தேன்.

உங்கள் அண்ணன் இப்படி ஒன்றைச் செய்துகொள்ளவே இல்லை. ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை.

நீலாம்பாள்


வியாசர்பாடி
20 ஏப்ரல் 2023

மதினிக்கு வணக்கம்.

உங்களிடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விட்டுப்போனதை எழுதிவிடுகிறேன். உங்களைத் தெரியும், சமமாக வைப்பீர்கள். வைக்காதீர்கள். சட்டம் ரம்ப மேசையைவிட ஒரு தபால் அட்டை கனம் தாழ்ந்திருக்க வேண்டும். முன் விளிம்பைச் சரிவாக இழைத்துவிடுங்கள். மழை வந்தால் மரம் ஊதும். சமமாக இருப்பது மேடாகிவிடும். வருகிற பலகை அதில் முட்டி நிற்கும், தள்ளுகிற கை நிற்காது. கையைப் பிளேடுக்கு அருகில் கொண்டுபோவது இதுதான்.

இதைப் படித்ததும் ஒரு வரி எழுதுங்கள்.
மாரிச்சாமி


தாகேதா
12 ஜூன் 2023

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அஜ்மலின் பயணம் இரண்டு முறை தள்ளிப்போனதால் உங்கள் ஏப்ரல் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நீங்கள் எழுதியபடிதான் நடந்தது. மழை பிடித்த இரண்டாம் வாரம் பலகை முட்டி நின்றது. நான் சுவிட்சை அணைத்துவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை. புஷ்பலதாவுக்கு ஆசிகள்.

நீலாம்பாள்


வியாசர்பாடி
24 ஜூன் 2023

மதினிக்கு மாரிச்சாமி வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் எழுத்தை நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். அது கோட்டை விட்டு இறங்கியதில்லை. போன கடிதத்தில் ஒரு வரிகூடக் கோட்டில் இல்லை.

சுரேந்திரன் புஷ்பலதாவிடம் போனில் பேசினான். அவள் எனக்கு எழுதிக் காட்டினாள். கமால் ஏதோ சாமான் கொடுக்க வந்தபோது உங்கள் வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்ததைப் பார்த்து அவனுக்குச் சொன்னாராம். கை வழுக்கி வழிகாட்டும் கட்டையில் போய் மோதியதாம். இரண்டு அங்குலம் பிளேடு பக்கம் போயிருந்தால்? இதைத்தான் "வேறு ஒன்றும் இல்லை" என்று எழுதினீர்களா?

சுரேந்திரன் முடிவு செய்துவிட்டான். திதி முடிந்த மறுநாள் ரம்ப மேசையைத் தூக்கிப்போக ஆள் பேசியாயிற்று. வீட்டைப் பூட்டி உங்களைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறான். என்னைக் கேட்டான், நானும் சரி என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் தனியாக நின்று விரலைக் கொடுத்தார். எழுபத்தைந்து வயதில் நீங்களும் தனியாக நிற்கிறீர்கள். இன்னொரு தடவை அந்த மாதிரிச் செய்தி கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

மாரிச்சாமி


தாகேதா
1 ஜூலை 2023

அன்புள்ள தம்பிக்கு,

மணிக்கட்டு தேறிவிட்டது. எழுத்து கோட்டில் இருப்பதைக் கவனிப்பீர்கள்.

உங்கள் அண்ணன் அன்று தனியாக இல்லை. நான் இருந்தேன்.

ரம்ப மேசை வாங்கிய நாளிலிருந்து பதினெட்டு வருடம் அதற்குப் பின்னால் நின்றது நான்தான். பின்னால் நிற்பவர் வருகிற பலகையை ஏந்த வேண்டும். தள்ளுகிறவரின் வேகத்துக்குப் பின்னால் நகர வேண்டும். இழுக்கக் கூடாது. முதல் நாளே அவர் இதைச் சொல்லிக்கொடுத்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னால் எழுத முடியாது.

2004 ஆகஸ்ட், நல்ல மழை. மின்சாரம் எந்த நிமிஷமும் போகலாம். அறுத்துக்கொண்டிருந்தது ஒரு எட்டடித் தேக்குப் பலகை. அவர் வேலை எப்போதும் நிதானம்தான். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார். "சீக்கிரம் தள்ளுங்க" என்றேன். "வருது நீலா, வருது" என்றார். நான் இழுத்தேன். ஒரு கை நீளம்கூட இருக்காது. பலகை கோணியது, பிளேடு அதைக் கவ்வி அவர் பக்கம் எறிந்தது. தள்ளிய வேகத்தில் அவர் கை பிளேடின் மேல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர், கூட யார் இருந்தது என்று கேட்டார். "யாரும் இல்லை, இவள் சமையலறையில் இருந்தாள்" என்றார் உங்கள் அண்ணன். டாக்டர் என் ரவிக்கையில் இருந்த இரத்தத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் அவரைத் திட்டி எழுதிய கடிதம் வந்தபோது அவருடைய மூக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். "சரியாத்தானே எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு பின்னால் வந்து நில் என்று என்னைக் கூப்பிடவே இல்லை. நாலடிக்கு மேல் ஒரு பலகையையும் அறுக்கவில்லை. நீளப் பலகை கேட்டு வந்தவர்களை வேறு பட்டறைக்கு அனுப்பினார். இதுபோல ஒரு நீட்டு மேசை செய்துகொள்ள அவருக்கு ஒரு நாள் போதும். செய்யவில்லை. என் இடத்தில் ஒரு பலகையை வைத்தால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருப்பார். பதினாறு வருடம் இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாததைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். நான் பேச வேண்டுமென்று காத்திருந்தாரோ என்று இப்போது தோன்றுகிறது.

தனியாக நிற்பது ஆபத்து என்று சுரேந்திரன் நினைப்பது இந்தப் பொய்யை நம்பித்தான். ரம்ப மேசையும் போய், இந்த வீடும் பூட்டப்பட்டால், அவன் அடுக்குமாடியில் ஜன்னல் ஓரத்தில் உட்காருவதைத் தவிர எனக்கு வேலை இல்லை. அவனிடம் உண்மையை நீங்கள் சொல்லிவிடுங்கள். என்னால் முடியவில்லை. அஜ்மல் நாளை மறுநாள் புறப்படுகிறார், அதனால் உறையை இப்போதே ஒட்டுகிறேன்.

நீலாம்பாள்


9 ஜூலை 2023

கடிதம் கிடைத்தது.

சுரேந்திரனிடம் நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நான் எழுதியதை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். அதற்குப் பிறகு நான்கு வருடம் நான் அண்ணனுக்கு ஒரு வரி எழுதவில்லை. பொறுப்பில்லாதவரோடு என்ன பேச்சு என்று இருந்தேன். அவர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். நான் பிரிக்காமல் வைத்தவையும் உண்டு.

சட்டத்தைக் கழற்றி, அதைத் தாங்குகிற கட்டையை மேல்பக்கம் இழைத்துத் தாழ்த்துங்கள். விளிம்பைச் சரிவாக்குங்கள். காடிகளையும் கொஞ்சம் அகலமாக்குங்கள், மழையில் அவையும் இறுகியிருக்கும். ரசமட்டம் வேண்டாம். தபால் அட்டையை வைத்துப் பாருங்கள்.

மாரிச்சாமி


தாகேதா
20 ஜூலை 2023

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் உடம்பு நலமா? நான் நலம்.

திதி குறைவில்லாமல் நடந்தது. மறுநாள் காலை ரம்ப மேசையைத் தூக்க மூன்று பேர் கயிறோடு வந்துவிட்டார்கள். அவர்களை வாசலில் உட்காரச் சொன்னேன். சுரேந்திரனை ஷெட்டுக்குள் கூப்பிட்டேன்.

"உங்கப்பா அன்னிக்குத் தனியா இல்லை. நான் பின்னால நின்னேன். நான்தான் இழுத்தேன்."

அவன் குனிந்து பிளேடைப் பார்த்தான்.

"அப்பா என்கிட்ட ஒரு நாளும் சொல்லலையேம்மா."

"சொல்ல மாட்டார்."

"நீங்க சொல்லியிருக்கலாம்ல? நான் எத்தனை தடவை அப்பாவை, 'உங்க வீரத்துக்கு ரெண்டு விரல் போதாதா'ன்னு கேலி பண்ணியிருக்கேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பூ கட்டிக்கிட்டிருப்பீங்க."

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அப்போது தெருவில் "மீ வந்துருச்சு" என்று சத்தம். நான் ஏப்ரனைக் கட்டினேன். அவன் பின்பக்கம் போய் நின்றான். "தள்ளுங்க, நான் பிடிக்கிறேன்."

"வேண்டாம். நீ என் பிள்ளை. நீயும் இழுப்பே."

அவன் விலகிச் சுவரோரம் நின்றான். மேசையைத் தூக்கி முட்டுக்கால்களைப் போட்டேன். பலகை எட்டடி, நான் அளந்தது. நிறுத்தி மூச்சு வாங்கி, மறுபடியும் தள்ளினேன். அது முட்டவில்லை. சட்டத்தைத் தாண்டி, கீலைத் தாண்டி, கடைசி வரை போய் அந்த மேசையின் மேல் அசையாமல் கிடந்தது. சுவிட்சை அணைத்தேன். எதிர்ப்பக்கம் எடுத்துத் தர யாரும் இல்லை என்பதை மறந்து ஒரு நிமிஷம் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பிறகு சுற்றிப் போய் நானே எடுத்தேன்.

சுரேந்திரன் வாசலுக்குப் போய், வந்தவர்களிடம் பர்மியத்தில் மன்னிப்புக் கேட்டு அனுப்பினான். இருந்த இரண்டு நாளும் சாப்பாடு நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னான். டாக்ஸியில் ஏறும்போது, "இருங்கம்மா, உங்க இஷ்டம் போல" என்றான். கேட்டது கிடைத்துவிட்டது.

தபால் அட்டை சரியாக இருந்தது.
நீலாம்பாள்


தாகேதா
28 செப்டம்பர் 2023

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதத்துக்கு மேலாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. அஜ்மல் இதற்குள் இரண்டு முறை வந்து போனார். உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று கமாலை விட்டுப் புஷ்பலதாவிடம் விசாரித்தேன். நலமாக இருக்கிறீர்கள் என்றாள். சந்தோஷம்.

இங்கே வேலை நடக்கிறது. புத்தக அலமாரி ஒன்று முடித்தேன், ஏழடி உயரம். சுரேந்திரன் மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முறை பேசுகிறான். மழை குறைந்துவிட்டது. மரம் இறுகும், அதற்குத் தக்கபடி சட்டத்தின் உயரத்தைப் பார்த்துக்கொள்வேன்.

நீங்கள் பிரிக்காமல் வைத்த கடிதங்கள் இன்னும் இருந்தால் பிரித்துப் பாருங்கள். அவர் எழுதும்போது நான் பக்கத்தில் இருந்ததில்லை. அவற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எதிர்பார்க்கவில்லை. அஜ்மல் திங்கட்கிழமை சென்னைக்கு வந்து, மண்ணடியில் அவருடைய மாமா வீட்டில் நான்கு நாள் தங்குவார். விலாசம் உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை புறப்படுகிறார். பகல் இரண்டு மணி வரை வீட்டில் இருப்பேன் என்று சொன்னார். இரண்டரை வரை இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீலாம்பாள்